ப்ராக்ஸ்மாக்ஸ் 9: மங்கிக் கிடந்த அந்த ஒரு பட்டன்

ராத்திரி பதினொரு மணி. அக்கவுண்ட்ஸ் சர்வரில் ஒரு அப்டேட் போட்டாக வேண்டும். பகலில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், போட முடியாது. அந்த சர்வர் ஒரு விஎம், அதாவது பெரிய சர்வர் ஒன்றுக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினி. கை வைப்பதற்கு முன் அதை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்போம், அந்த நொடியில் இருக்கும் நிலையைப் பதிந்து வைப்பது போல. அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நிமிடம் போதும். விஎம்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது யோசிக்காமலே நடக்கிற காரியம். அவர்களே அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறி, பழைய சான் ஸ்டோரேஜை (சர்வர்களுக்கு வெளியே இருக்கும் பொது டிஸ்க் பெட்டி) அப்படியே இணைத்து, ஸ்னாப்ஷாட் பட்டனைத் தேடியபோது அது மங்கிக் கிடந்தது. அழுத்த முடியவில்லை.

அந்தப் பட்டனுக்கு உயிர் வந்தது 2025 ஆகஸ்ட் 5 அன்று வெளியான ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 9.0 பதிப்பில். புதிய அம்சங்களின் பட்டியல் நீளமானது. என்னைக் கேட்டால் இந்தப் பதிப்பின் முதல் செய்தியே அதுதான். ஏன் இத்தனை நாள் இல்லாமல் இருந்தது, இப்போது எப்படி வந்தது, அதற்கு நாம் கொடுக்கிற விலை என்ன என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்ல வசதி. தெரியாமல் டிக் செய்தால் ஒரே மாதத்தில் ஸ்டோரேஜ் நிரம்பிப்போகும்.

அதற்குப் போவதற்கு முன் கொஞ்சம் முன்கதை. ப்ராக்ஸ்மாக்ஸ் ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனம். அவர்களுடைய 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்' 2008-இல் முதன்முதலாக வந்தது. ஒரு பெரிய சர்வரைப் பல சின்ன மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து ஓட்டுவதுதான் அதன் வேலை. உள்ளே எல்லாமே லினக்ஸ் உலகத்துப் பொருள்கள். அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். விஎம்களை ஓட்டுவது, 2007-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்த கேவிஎம். அந்த விஎம்முக்கு டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று ஒரு முழுக் கணினியின் உருவத்தைக் கொடுப்பது க்யூஎமு. தனிக் கெர்னல் இல்லாமல் சர்வரின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் இலகுவான கண்டெய்னர்களுக்கு எல்எக்ஸ்சி. இவை எல்லாவற்றையும் ஒரே வலைத்திரையில் கோத்து, கிளஸ்டர் (பல சர்வர்களை ஒரே கூட்டமாக இணைப்பது), பேக்கப், பயனர் உரிமை என்று மேலாண்மையைச் சேர்த்ததுதான் ப்ராக்ஸ்மாக்ஸின் பங்கு. ஏஜிபிஎல் உரிமத்தில் இருக்கும் திறந்த மென்பொருள். காசு கட்டாதவருக்கும் எல்லா வசதியும் கிடைக்கும். சந்தா கட்டுபவருக்குக் கூடுதலாகச் சோதிக்கப்பட்ட அப்டேட்களும், திட்டத்தைப் பொறுத்து உதவியும் கிடைக்கும். அந்தச் சந்தாவும் சர்வரில் இருக்கும் சிபியு சாக்கெட் எண்ணிக்கைக்குத்தான், உள்ளே எத்தனை கோர் என்று பார்ப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயம் 2023 வரை பெரும்பாலோருக்குப் பொருட்டாக இல்லை. அந்த வருடம் நவம்பர் 22 அன்று பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டும்தான், அதுவும் கோர் கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்று வைத்து. 2024 பிப்ரவரியில், சர்வரில் விஎம்களை ஓட்டும் விஎம்வேரின் அடிப்படை மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் போனது. (2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் நிறையப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள்.) இரண்டு சர்வர், மூன்று சர்வர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த சின்ன நிறுவனங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் எல்லாம் மாற்று தேட ஆரம்பித்தன.

ப்ராக்ஸ்மாக்ஸ் அந்தக் கூட்டத்தை வரவேற்கத் தயாரானது. 2024 மார்ச்சில் ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேராக இழுத்துவரும் இறக்குமதிக் கருவியை வெளியிட்டது. தரவு நகர்ந்துகொண்டிருக்கும்போதே விஎம்மை இந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிடலாம். அதே வருடம் ஆகஸ்டில் வீம் என்ற நிறுவனம் தன் பேக்கப் மென்பொருளில் ப்ராக்ஸ்மாக்ஸைச் சேர்த்தது. 2025 ஏப்ரலில் வந்த 8.4, மற்ற பேக்கப் நிறுவனங்களும் முறையாக இணைந்துகொள்ள ஒரு வாசலைத் திறந்தது. ஆக, வருவதற்கு வழி இருந்தது, வந்தபின் பேக்கப்புக்கும் வழி இருந்தது. வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சான் பெட்டிக்குத்தான் சரியான பதில் இல்லாமல் இருந்தது.

சான் பெட்டியும் ஸ்னாப்ஷாட்டும்

சான் என்பது சர்வர்களுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஸ்க் பெட்டி. ஃபைபர் சேனல் வழியாகவோ ஐஸ்கஸி வழியாகவோ மூன்று நான்கு சர்வர்களும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். ஒரு சர்வர் விழுந்தால் அதில் ஓடிய விஎம் இன்னொரு சர்வரில் எழுந்துகொள்ளும், டிஸ்க் பொதுவில்தானே இருக்கிறது. பல லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டி. மென்பொருளை மாற்றுகிறோம் என்பதற்காக அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது, தூக்கிப்போடவும் கூடாது.

ஒரே டிஸ்கில் பல சர்வர்கள் ஒரே சமயத்தில் எழுதினால் தரவு நாசமாகும். இதைச் சமாளிக்க விஎம்வேர் விஎம்எஃப்எஸ் என்று ஒரு தனிக் கோப்பு முறையே செய்து வைத்திருக்கிறது. அதன்மேல் விஎம்மின் டிஸ்க் ஒரு கோப்பாக இருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்தால் பக்கத்தில் இன்னொரு கோப்பு முளைக்கும். அவ்வளவுதான். லினக்ஸ் பக்கம் அப்படி எல்லோரும் நம்பிப் பயன்படுத்துகிற ஒன்று அமையவில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் தேர்ந்தெடுத்த பாதை எல்விஎம். சான் கொடுக்கும் இடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு விஎம் டிஸ்குக்கும் ஒரு துண்டு. எந்தத் துண்டை எந்த சர்வர் தொடலாம் என்பதைக் கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும். எளிமையான, உறுதியான, வேகமான ஏற்பாடு.

ஆனால் அந்தத் துண்டு வெறும் துண்டு. கோப்பு முறை இல்லை, பக்கத்தில் முளைக்கக் கோப்பும் இல்லை. எல்விஎம்மிலேயே 'தின்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் ஸ்னாப்ஷாட் அருமையாக வேலை செய்யும். ஆனால் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற கணக்குப்புத்தகத்தை அதில் ஒரே ஒரு சர்வர்தான் எழுதலாம். இரண்டு பேர் எழுதினால் கணக்கு குழம்பி எல்லாம் போய்விடும். அதனால் பொது ஸ்டோரேஜுக்கு அது ஆகாது. என்எஃப்எஸ், செஃப், உள்ளூர் இசட்எஃப்எஸ் ஆகிய மற்ற ஸ்டோரேஜ் வகைகளில் ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே உண்டு. இல்லாமல் இருந்தது சரியாக அந்த இடத்தில்தான், அதாவது விஎம்வேரிலிருந்து வந்தவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்போதும் பேக்கப் வேலை செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் பேக்கப் எடுக்கும் வேலையை க்யூஎமுவே செய்கிறது, ஸ்டோரேஜின் உதவி தேவையில்லை. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்போதே மாற்றுவதும் நடந்தது. இல்லாமல் போனது, 'பத்து நிமிடம் முன்னால் இருந்த நிலைக்குத் திருப்பு' என்கிற அந்தச் சின்னப் பாதுகாப்பு மட்டும். சின்னதுதான், ஆனால் தினமும் வேண்டியது. ஒரு அப்டேட் போடுவதற்காக 500 ஜிபி விஎம்மை முழுதாக பேக்கப் எடுத்து, சொதப்பினால் முழுதாக மீட்டு, அந்த இரவு போய்விடும்.

9.0 கண்டுபிடித்த வழி இது. எல்விஎம் துண்டுக்குள் வெறும் தரவை நேரடியாக எழுதாமல், கியூகவ்2 என்ற டிஸ்க் வடிவத்தை எழுதுகிறார்கள். க்யூஎமுவின் சொந்த வடிவம் அது. 'எனக்குக் கீழே இன்னொரு டிஸ்க் இருக்கிறது, என்னிடம் இல்லாததை அங்கே பார்' என்று சொல்லத் தெரிந்த வடிவம். ஸ்னாப்ஷாட் எடுத்தவுடன், இதுவரை ஓடிய துண்டுக்கு அந்த ஸ்னாப்ஷாட்டின் பெயர் வைக்கப்படுகிறது. பழைய பெயரில் புதிய துண்டு ஒன்று வெட்டப்படுகிறது. இனி எழுதுவதெல்லாம் புதியதில். படிக்கும்போது முதலில் புதியதில் தேடி, இல்லையென்றால் கீழே உள்ளதில். இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதன்மேல் இன்னொன்று. இப்படிச் சங்கிலியாகப் போகும். இதை 'வால்யூம் சங்கிலி' முறை என்கிறார்கள். ஸ்டோரேஜ் பெட்டி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கவலையில்லை. பெட்டிக்கு ஸ்னாப்ஷாட் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

விலை என்ன? இடம். இந்த எல்விஎம்மில் துண்டு என்றால் முழுத்துண்டு, தேவைக்கேற்ப வளரும் துண்டு இல்லை. 100 ஜிபி டிஸ்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால், புதிய துண்டும் 100 ஜிபி. இரண்டு எடுத்தால் மொத்தம் 300 ஜிபி போயிற்று. அந்த இரண்டாவது ஸ்னாப்ஷாட்டுக்கு அப்புறம் நீங்கள் எழுதியது வெறும் 50 எம்பியாக இருந்தாலும் எல்விஎம் கணக்கில் 300 ஜிபிதான். சான் பெட்டிக்குத் தானே சிக்கனமாக இடம் ஒதுக்கத் தெரிந்திருந்தால், பெட்டிக்குள் உண்மையில் போகும் இடம் குறைவாக இருக்கும். ஆனாலும் எல்விஎம்முக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருந்தால்தான் துண்டு வெட்ட முடியும். விஎம்வேரில் ஸ்னாப்ஷாட்களை மாதக்கணக்கில் மறந்து விட்டுவைத்த பழக்கம் இருப்பவர்கள் இங்கே வந்து அதைச் செய்தால் சீக்கிரமே இடமில்லை என்ற செய்தியைப் பார்ப்பார்கள். சங்கிலி நீண்டால் படிக்கும் வேகமும் குறையும். எடுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். அழிக்கும்போது சங்கிலியில் இருக்கும் தரவை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் எடுக்கும், பெட்டிக்கும் வேலை இருக்கும். பகலில் கூட்டமான நேரத்தில் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த வசதியை ஸ்டோரேஜ் அமைப்பில் நாமே இயக்க வேண்டும். இயக்கியதும் பழைய டிஸ்குகள் தானாக மாறிவிடாது. அதற்கு அப்புறம் உருவாக்கும் டிஸ்குகளுக்குத்தான் பொருந்தும். பழையவற்றை கியூகவ்2 வடிவத்துக்கு நகர்த்தித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அதோடு, 9.0-இல் இது 'தொழில்நுட்ப முன்னோட்டம்' என்ற முத்திரையோடுதான் வந்திருக்கிறது. அதாவது, பயன்படுத்திப் பாருங்கள், முழு உத்தரவாதம் இன்னும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். நான் முதலில் டெஸ்ட் விஎம்களிலும் ஃபைல் சர்வர் மாதிரி மீட்க எளிதானவற்றிலும் மட்டும் போட்டேன். டேட்டாபேஸ் சர்வர்கள் பழைய முறையிலேயே ஓடுகின்றன. இந்த எச்சரிக்கை அதிகம் என்று சிலர் சொல்லலாம். மற்றவர்களின் சம்பளக் கணக்கு இருக்கிற டிஸ்கில் நான் அவசரப்பட மாட்டேன்.

யார் யாரோடு இருக்க வேண்டும்

அடுத்த பெரிய மாற்றம் ஹெச்ஏ, அதாவது ஒரு சர்வர் விழுந்தால் விஎம்களை வேறு சர்வரில் தானாக எழுப்பும் ஏற்பாடு. இதுவரை 'குழு' என்று ஒன்று இருந்தது. இந்த விஎம் இந்த சர்வர்களில் ஓடலாம், இதற்கு முன்னுரிமை என்று சொல்லலாம். அதோடு சரி. ஒரு விஎம்முக்கும் இன்னொரு விஎம்முக்கும் உள்ள உறவைச் சொல்ல வழியே இல்லை.

9.0-இல் குழுக்கள் போய் விதிகள் வந்திருக்கின்றன. விஎம்முக்கும் சர்வருக்கும் இடையே ஒரு வகை விதி. விஎம்களுக்குள்ளேயே இன்னொரு வகை விதி. இந்த இரண்டாவதுதான் புதிது. நெட்வொர்க்கில் இரண்டு டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டு முகவரி சொல்வது) வைத்திருப்பதே ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். இரண்டும் ஒரே இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இயந்திரம் விழும்போது இரண்டும் சேர்ந்து போகும், இரண்டு வைத்ததற்கே அர்த்தமில்லை. இப்போது 'இவை இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும்' என்று ஒரு விதி போடலாம். மறுபக்கம், ஒரு பயன்பாட்டு சர்வரும் அதன் டேட்டாபேஸும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்றால் 'இவை சேர்ந்தே இருக்கட்டும்' என்று போடலாம். நெட்வொர்க் கேபிளைத் தாண்டாமல் உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும்.

பிரிந்து இருக்கும் விதி கண்டிப்பானது என்பதை மறக்கக் கூடாது. மூன்று சர்வர் கிளஸ்டரில் மூன்று விஎம்களைப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்த விஎம்முக்குப் போக இடமில்லை. மற்ற இரண்டிலும் ஏற்கெனவே ஆளுக்கொன்று இருக்கிறது. விதியை மீறி அது எழாது, விழுந்த சர்வர் திரும்பும் வரை காத்திருக்கும். சில வேலைகளுக்கு அதுதான் சரி. உங்கள் வேலைக்குச் சரியா என்று முன்பே யோசித்துவிட்டு விதி போடுங்கள்.

பழைய குழுக்கள் என்ன ஆகும்? கிளஸ்டரின் எல்லா சர்வர்களும் 9-க்கு வந்த பிறகு அவை தானாக விதிகளாக மாறிவிடும். பாதி 8, பாதி 9 என்று நிற்கும் காலத்தில் மாறாது. விஎம்வேரில் இருந்த, சுமையைப் பார்த்து ஓடும் விஎம்களைத் தானாக நகர்த்திக்கொண்டே இருக்கும் டிஆர்எஸ் போன்ற வசதி 9.0-இல் இல்லை. அதை எதிர்பார்த்து வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

மற்றவற்றில் வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் ஓட்டுபவர்கள் அதிகம் மகிழ்வது இசட்எஃப்எஸ் 2.3-ஆல்தான். ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் அதன் ரெய்டு-இசட் அமைப்பில் நான்கு டிஸ்க் போட்டுவிட்டு, இடம் போதாமல் ஐந்தாவதைச் சேர்க்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். தரவை எல்லாம் வெளியே எடுத்து, அழித்து, புதிதாகக் கட்ட வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு டிஸ்காகச் சேர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே எழுதிய தரவு பழைய விகிதத்திலேயே இருக்கும். நான்கு டிஸ்கில் மூன்று பங்கு தரவுக்கு ஒரு பங்கு பாதுகாப்புத் தகவல் என்று எழுதியது அப்படியேதான் பரவும். புதிதாக எழுதுவதுதான் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். அதனால் கையில் வரும் இடம், காகிதத்தில் போட்ட கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

நெட்வொர்க் பக்கத்தில் 'ஃபேப்ரிக்' என்று ஒன்று வந்திருக்கிறது. சர்வர்களுக்கு இடையே பல வழிகள் இருந்து, ஒரு கேபிள் அறுந்தால் தானாக இன்னொரு வழியில் போகும் அமைப்பைக் கட்டுவதற்கு முன்பு கட்டமைப்புக் கோப்புகளைக் கையால் எழுத வேண்டும். இப்போது ஓஎஸ்பிஎஃப் அல்லது ஓப்பன்ஃபேப்ரிக் என்ற வழித்தட நெறிமுறையைத் தேர்ந்தெடுத்துத் திரையிலேயே செய்துவிடலாம். மூன்று சர்வர்களை சுவிட்ச் இல்லாமல் நேருக்கு நேர் கேபிள் போட்டு செஃப் ஓட்டுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். செல்போனில் திறக்கும் திரையையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது ஒரு விஎம்மை ரீஸ்டார்ட் செய்ய அது போதும்.

போனவை

புதிதாக வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். ராத்திரியில் நம்மை எழுப்புவது போனவைதான். ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பழைய கண்டெய்னர்கள் முதலில். லினக்ஸ் கெர்னல் வளங்களைப் பங்கிட சிகுரூப் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதன் முதல் பதிப்புக்கான ஆதரவு 9-இல் முழுதாகப் போய்விட்டது. விளைவு, உள்ளே சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) 230 அல்லது அதைவிடப் பழையது இருக்கும் கண்டெய்னர்கள் இனி ஓடாது. சென்டோஸ் 7, உபுண்டு 16.04 இரண்டும் இதில் அடங்கும். சென்டோஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-இலேயே முடிந்தது உண்மைதான். ஆனால் அலுவலக மூலையில் அதில் ஏதோ ஒரு பழைய பயன்பாடு ஓடிக்கொண்டேதான் இருக்கும், எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகியிருக்கும். அதைத் தொட யாருக்கும் தைரியம் இருக்காது. கண்டெய்னராக இருப்பதை முழு விஎம்மாக மாற்றிவிட்டால் அது தன் சொந்தக் கெர்னலோடு இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இந்தக் கட்டுப்பாடு கண்டெய்னருக்கு மட்டும்தான், விஎம்முக்கு இல்லை.

குளஸ்டர்எஃப்எஸ் ஸ்டோரேஜ் ஆதரவும் போய்விட்டது. அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், க்யூஎமுவும் கைவிட ஆரம்பித்தது. ரெட் ஹேட் தன் குளஸ்டர் தயாரிப்பை 2024 முடிவோடு நிறுத்திக்கொண்டது. அதில் விஎம் டிஸ்குகளை வைத்திருப்பவர்கள் 9-க்கு ஏறுவதற்கு முன்பே வேறு ஸ்டோரேஜுக்கு நகர்த்திவிட வேண்டும்.

உண்மையில் எதுவும் பழுதாகாமல், பழுதானது போல் தெரிகிற மாற்றம் ஒன்று உண்டு. அப்கிரேடு முடித்து மறுநாள் திரையைப் பார்த்தால், விஎம்களின் மெமரி அளவு திடீரென்று ஏறியிருக்கும். சிலவற்றில் 100 சதவீதத்தையும் தாண்டியிருக்கும். 9-இல் கணக்கு மாறியிருக்கிறது. ஒரு விஎம்மை ஓட்டுவதற்கு வெளியே ஹோஸ்ட், அதாவது அது ஓடும் சர்வர், செலவிடும் கூடுதல் மெமரியும் இப்போது சேர்கிறது. எட்டு ஜிபி கொடுத்தால் ஹோஸ்டில் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் எப்போதும் போய்க்கொண்டிருந்தது, முன்பு அது கண்ணில் படவில்லை. மேலதிகாரி கேட்பதற்கு முன் நாமே சொல்லி வைத்துவிட்டால் நல்லது.

ஏறும் வழி

9.0 வெளிவந்து நான்கு நாள் கழித்துத்தான், ஆகஸ்ட் 9 அன்று, அதன் அடித்தளமான டெபியன் 13 'ட்ரிக்ஸி' முறைப்படி வெளியானது. அஸ்திவாரத்துக்கு முன்னால் வீடு வந்தது போலத் தோன்றும். ட்ரிக்ஸி அப்போதே முழுவதும் உறைநிலைக்கு வந்திருந்தது, மாற இனி ஒன்றுமில்லை என்ற கட்டம். ப்ராக்ஸ்மாக்ஸ் தன் கெர்னலையும் (9.0-இல் 6.14) க்யூஎமுவையும் (10.0) தானே கட்டிக் கொடுப்பதால் அதற்கு அது தடையாக இல்லை. ஆனால் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 8-இலிருந்து 9-க்கு ஏறுவது என்றால் முழு டெபியனும் 12-இலிருந்து 13-க்கு ஏறுகிறது. திரையில் ஒரு பட்டனை அழுத்தும் வேலை இல்லை.

முதலில் 8.4-இன் கடைசி அப்டேட் வரை போக வேண்டும். செஃப் இருந்தால் அதை 19 'ஸ்குவிட்'டுக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். அப்புறம் 'பிவிஇ 8 டு 9' என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாது. பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். ஒவ்வொரு எச்சரிக்கையையும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எல்விஎம் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு முக்கியமான வரி வரும். ஒரு சர்வர் பூட் ஆகும்போது, பொது ஸ்டோரேஜில் இருக்கும் எல்லாத் துண்டுகளையும், வேறு சர்வரில் ஓடும் விஎம்களுடையதையும் சேர்த்து, தானாக இயக்கிக்கொள்ளும் பழக்கம் எல்விஎம்முக்கு இருந்தது. 9-இல் புதிதாக உருவாக்கும் துண்டுகளுக்கு அது நிறுத்தப்பட்டிருக்கிறது. பழையவற்றுக்கு நிறுத்த ஒரு ஸ்கிரிப்டும் கூடவே தருகிறார்கள். சான் வைத்திருப்பவர்கள் அதைத் தவறாமல் ஓட்ட வேண்டும்.

அப்கிரேடு கட்டளையை வலைத்திரையில் உள்ள கன்சோலில் கொடுக்காதீர்கள். பாதியில் அந்தத் திரையே ரீஸ்டார்ட் ஆகி இணைப்பு அறுந்துவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக, இணைப்பு அறுந்தாலும் கட்டளையைத் தொடர்ந்து ஓடவைக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். நடுவில் 'ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ' என்ற பேக்கேஜையே நீக்கப்போகிறேன் என்று அது கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும், மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெபாசிட்டரி வரிகளில் ஏதோ பிழை இருக்கும். விஎம்களை அப்கிரேடு ஆகாத சர்வரிலிருந்து ஆன சர்வருக்கு ஓடும்போதே நகர்த்தலாம். திரும்ப எதிர்த்திசையில் நகரும் என்று நம்பக் கூடாது.

எங்கள் அலுவலகத்து மூன்று சர்வர் கிளஸ்டரில் முதல் சர்வர் அழகாக ஏறியது. இரண்டாவது ரீபூட் ஆனபின் நெட்வொர்க்கில் தலைகாட்டவே இல்லை. ரிமோட் கன்சோலைத் திறந்து பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிய கெர்னல் நெட்வொர்க் கார்டின் பெயரின் வாலில் 'என்பி0' என்று மூன்று எழுத்தைச் சேர்த்திருந்தது. விஎம்களை அந்தக் கார்டோடு இணைக்கும் பிரிட்ஜ் அமைப்பில் பழைய பெயர் எழுதியிருந்ததால் அது இல்லாத கார்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வரியைத் திருத்தியதும் சரியானது, ஆனால் அந்த இருபது நிமிடம் கை நடுங்கத்தான் செய்தது. கெர்னல் மாறும்போது இப்படி நடக்கும் என்று அப்கிரேடு குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கார்டுகளுக்கு 'நிக்0', 'நிக்1' என்று நிலையான பெயரைக் கட்டிவைக்கும் கருவியும் தந்திருக்கிறார்கள். மூன்றாவது சர்வருக்கு அதை முதலிலேயே ஓட்டிவிட்டேன்.

நவம்பரில் வந்த 9.1

2025 நவம்பர் 19 அன்று 9.1 வந்தது. கெர்னல் 6.17-க்கு ஏறியது. மேலே சொன்ன ஸ்னாப்ஷாட் கதையின் தொடர்ச்சி ஒன்று இதில் இருக்கிறது. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். விஎம்மில் அதையும் மென்பொருளாகவே கொடுக்கிறோம், அதன் நிலையைச் சேமிக்கத் தனியாக ஒரு குட்டி டிஸ்க் இருக்கும். அந்தக் குட்டி டிஸ்கை வெறும் வடிவத்தில்தான் வைக்க முடிந்தது. அதனால் முழு விஎம்மின் ஸ்னாப்ஷாட்டும் அதோடு சேர்ந்து தடைபட்டது. 9.1-இல் அதையும் கியூகவ்2-ஆக வைக்கலாம். என்எஃப்எஸ் போன்ற இடங்களில் விண்டோஸ் 11 விஎம்மை இனி தயங்காமல் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். எல்விஎம் வால்யூம் சங்கிலியில் விஎம்மை நிறுத்திவிட்டு எடுக்கலாம். ஓடும்போதே எடுப்பது அங்கே இன்னும் கைகூடவில்லை.

டாக்கர் ஹப் போன்ற இடங்களில் கிடைக்கும் ஓசிஐ இமேஜ்களை (ஒரு பயன்பாட்டையும் அதற்கு வேண்டியவற்றையும் அடுக்கடுக்காகக் கட்டிவைத்த பொதிகள்) இழுத்து, நேராக எல்எக்ஸ்சி கண்டெய்னராக ஓட்டும் வசதியும் முன்னோட்டமாக வந்திருக்கிறது. டாக்கருக்கென்று ஒரு விஎம் போட்டு அதற்குள் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆசையைத் தூண்டும். ஆனால் டாக்கர் போல அடுக்குகளைப் பல கண்டெய்னர்கள் பகிர்ந்துகொள்வதில்லை. எல்லா அடுக்கும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்பு அமைப்பாக விரிக்கப்படும். பத்துப் பதினைந்து சேவைகளை ஒரே கோப்பில் எழுதி ஏற்றி இறக்குபவர்கள் இப்போதைக்குத் தங்கள் டாக்கர் விஎம்மை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

விஎம்முக்குள் விஎம் ஓட்டுவதற்கும் இதில் ஒரு தனிக் கொடி வந்திருக்கிறது. முன்பெல்லாம் அதற்காக சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வேறு தலைமுறை சிபியு உள்ள சர்வருக்கு அந்த விஎம்மை ஓடும்போதே நகர்த்துவது சிக்கலாகும். இப்போது பொதுவான சிபியு வகையை வைத்துக்கொண்டே அந்த ஒரு கொடியை மட்டும் சேர்க்கலாம். பழைய சர்வரும் புது சர்வரும் கலந்து ஓட்டுகிற இடங்களுக்கு இது நிஜமான நிம்மதி.

8-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 ஆகஸ்டோடு முடிகிறது. இன்னும் 8-இல் இருப்பவர்கள் கண்டெய்னர் பட்டியலைத் திறந்து, சென்டோஸ் 7-உம் உபுண்டு 16.04-உம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை போதும். நான்கைந்து இருந்தால், அவற்றை விஎம்மாக மாற்றி, உள்ளே இருக்கும் பயன்பாடு சரியாக ஓடுகிறதா என்று அதைப் பயன்படுத்துபவர்களை உட்காரவைத்துச் சோதிப்பதற்கே ஒரு மாதம் போய்விடும்.